த்ரெட் போட்ட சி புரோகிராம் தகராறு செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

த்ரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் பிறவற்றோடு சேர்ந்து ஓடும் தனி வேலை இழை. இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ், ஜிசிசி (கம்பைலர்), ஜிலிப்சி (சி லைப்ரரி) ஆகியவற்றோடு பாசிக்ஸ் த்ரெட் பயன்படுத்துவோருக்கு. மேக், ஆல்பைன் போன்றவை வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகக் குறித்திருக்கிறோம். 'பீத்ரெட்_' என்ற முன்னொட்டு எல்லா ஃபங்ஷனுக்கும் பொது. அதனால் அதை விட்டுவிட்டு கிரியேட் (த்ரெட்டை உருவாக்குவது), ஜாயின் (அது முடியும்வரை காத்திருந்து முடிவை வாங்குவது), டிடாச் (காத்திருக்காமல் தனியே விட்டுவிடுவது) என்று சுருக்கமாக எழுதுகிறோம்.

உங்கள் அறிகுறிக்குரிய பகுதிக்கு நேரே போகலாம். அதற்கு முன் ஒரு வேலையை மட்டும் முடித்துவிடுங்கள். பீத்ரெட் ஃபங்ஷன்கள் தோற்றால் -1 தருவதில்லை, பிழை எண் வைக்கும் எர்நோ மாறியையும் தொடுவதில்லை. பிழை எண்ணையே திருப்பித் தருகின்றன. அங்கே எர்நோவை அச்சிடும் பெரர் ஃபங்ஷனைப் போட்டால் 'சக்சஸ்' என்றோ, எப்போதோ நடந்த வேறொரு பிழையின் பெயரோ வந்து ஆளைத் திசைதிருப்பும். திரும்பி வரும் எண்ணை ஒரு இண்ட் மாறியில் வாங்குங்கள். அது 0 இல்லையென்றால் ஸ்ட்ரெரர் ஃபங்ஷனிடம் கொடுத்து அச்சிடுங்கள். லினக்ஸில் அடிக்கடி வரும் எண்கள் ஐந்து: 11 என்றால் வளம் போதவில்லை, 16 என்றால் வேறொருவர் பிடித்திருக்கிறார், 22 என்றால் கொடுத்த மதிப்பு தவறு, 35 என்றால் டெட்லாக் (பூட்டுகளுக்காக முடிவில்லாமல் காத்து நிற்பது), 110 என்றால் காத்திருக்கும் நேரம் முடிந்தது.

இன்னொன்று. நடுவே ஒரு ஸ்லீப் போட்டதும் சரியாகிவிட்டது என்றால் பிழை போய்விட்டதாக நினைக்காதீர்கள். த்ரெட்டுகள் ஓடும் வரிசை கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். லோடு ஏறும் நாளில் அதே பிழை திரும்பி வரும். அந்த ஸ்லீப்பை எடுத்துவிட்டுத் தேடுங்கள். பிழை கண்ணுக்குத் தெரியும்போது பிடிப்பதுதான் சுலபம்.

லிங்க் ஆகவில்லை: 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பீத்ரெட்_கிரியேட்'

கம்பைல், லிங்க் இரண்டு கட்டங்களிலும் -பீத்ரெட் என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். பலர் -எல்பீத்ரெட் என்று எழுதி, அதை சோர்ஸ் கோப்பின் பெயருக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். அந்த லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை என்று முடிவு செய்து உதறிவிடும்.

உங்கள் கணினியில் கம்பைல் ஆவது பழைய சர்வரில் ஆகவில்லையா? 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 முதல் பீத்ரெட் லைப்ரரி முதன்மை சி லைப்ரரிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. உபுண்டு 22.04இல் ஆப்ஷனே இல்லாமல் லிங்க் ஆகும்; 20.04இல் ஆகாது. எங்கே கம்பைல் செய்தாலும் -பீத்ரெட் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

த்ரெட் ஓடியதாகவே தெரியவில்லை

மெயின் ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆனால் புராசஸ் முழுவதும் முடிந்துவிடும். மற்ற த்ரெட்டுகள் எந்த நிலையில் இருந்தாலும் அங்கேயே அறுபடும். டிடாச் செய்துவிட்டால் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புவது தவறு; டிடாச் ஆன த்ரெட்டும் புராசஸோடுதான் போகும். மெயினிலிருந்து ஜாயின் செய்யுங்கள். மெயினுக்கு வேறு வேலையே இல்லையென்றால் ரிட்டர்னுக்குப் பதில் பீத்ரெட்_எக்சிட் அழைத்தால் மற்றவை முடியும்வரை புராசஸ் நிற்கும்.

டெர்மினலில் அச்சாவது கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பினால் காணாமல் போகிறதா? அப்போது காரணம் பஃபர், அதாவது வெளியீட்டைச் சேர்த்து வைக்கும் இடம். டெர்மினலுக்கு வரிக்கு வரி போகும் வெளியீடு, கோப்புக்குப் போகும்போது பஃபர் நிறைந்த பிறகே போகும். இடையில் கிராஷ் ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். பிழை தேடும் நேரத்தில், பஃபரில் தங்காத பிழை வெளியீடான ஸ்ட்டெரரில் அச்சிடுங்கள்.

எல்லா த்ரெட்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. சில எண்கள் விட்டுப்போகின்றன

0 முதல் 4 வரை வர வேண்டிய இடத்தில் 2, 2, 4, 5, 5 என்று வரும். லூப் மாறியின் முகவரியை கிரியேட்டின் நான்காவது ஆர்கியுமென்டாகக் கொடுத்திருப்பீர்கள். எல்லா த்ரெட்டுக்கும் போனது ஒரே முகவரி. புதிய த்ரெட் அதைத் திறந்து படிப்பதற்குள் மெயின் அந்த மாறியை அடுத்த எண்ணுக்கு நகர்த்திவிடுகிறது. 5 என்ற எண் வருவதே இதற்குச் சாட்சி, ஏனென்றால் அது லூப் முடிந்த பிறகு உள்ள மதிப்பு.

த்ரெட்டுக்கு ஒன்றாக ஸ்ட்ரக்ட் அரே வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் உறுப்பின் முகவரியைக் கொடுங்கள். எண் மட்டும் போதுமென்றால் இண்ட்பிடிஆர்_டி வழியாக வாய்ட் பாயிண்டராக காஸ்ட் செய்து மதிப்பையே அனுப்பலாம். அரே எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். த்ரெட்டை உருவாக்கிய ஃபங்ஷன், த்ரெட் முடிவதற்கு முன் ரிட்டர்ன் ஆகும் என்றால் லோக்கல் அரே உதவாது. மேலாக் ஃபங்ஷன் மூலம் மெமரி எடுத்து, வாங்கிய த்ரெட்டே ஃப்ரீ செய்யட்டும்.

திரும்பி வரும் பாதையிலும் இதே வகைப் பிழை உண்டு. த்ரெட் தன் லோக்கல் மாறியின் முகவரியை ரிட்டர்ன் செய்தால் ஜாயினில் கிடைப்பது குப்பை. இன்னும் மோசமானது, இண்ட் மாறியின் முகவரியை வாய்ட் இரட்டை பாயிண்டராக காஸ்ட் செய்து ஜாயினுக்குக் கொடுப்பது. 64 பிட் கணினியில் ஜாயின் அங்கே 8 பைட் எழுதும். உங்கள் இண்டில் இருப்பதோ 4 பைட். பக்கத்து மாறி அழியும், கிராஷ் வேறெங்கோ காட்டும். வாய்ட் பாயிண்டர் மாறி ஒன்றில் வாங்கி, பிறகு எண்ணாக மாற்றுங்கள்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு கிரியேட் 11 தருகிறது

சர்வர் புரோகிராம்களில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். 11 என்ற எண்ணை வைத்து மட்டும் காரணம் சொல்ல முடியாது. த்ரெட் எண்ணிக்கை வரம்பைத் தொட்டாலும் 11 வரும். ஸ்டாக்குக்கு (த்ரெட்டின் லோக்கல் மாறிகள் இருக்கும் இடம்) மெமரி கிடைக்காவிட்டாலும் ஜிலிப்சி அதையும் 11 ஆக்கியே தரும்.

புரோகிராம் ஓடும்போதே /ப்ராக் அடைவில் அந்தப் புராசஸ் எண்ணின் கீழ் உள்ள 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்து இரண்டு வரிகளைப் பாருங்கள்: 'த்ரெட்ஸ்' (த்ரெட் எண்ணிக்கை), 'விஎம்சைஸ்' (ஒதுக்கிய மொத்த முகவரி இடம்). சில நிமிட இடைவெளியில் மீண்டும் பாருங்கள்.

த்ரெட்ஸ் எண்ணிக்கை குறைவாகவே நிற்க, விஎம்சைஸ் மட்டும் சுமார் 8 எம்பி வீதம் ஏறிக்கொண்டே போனால், முடிந்த த்ரெட்டுகளை நீங்கள் ஜாயினும் செய்யவில்லை, டிடாச்சும் செய்யவில்லை. கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியைப் பொறுத்தவரை அந்த த்ரெட் போய்விட்டது. ஆனால் யாராவது வந்து ரிட்டர்ன் மதிப்பைக் கேட்பார்கள் என்று ஜிலிப்சி அதன் ஸ்டாக்கை அப்படியே வைத்திருக்கிறது. தொடாத பக்கங்களுக்கு உண்மையான ரேம் செலவாகாததால் டாப் கட்டளை காட்டும் ஆர்இஎஸ் (பிடித்திருக்கும் ரேம்) பெரிதாக ஏறாது. இதனால்தான் இந்தக் கசிவு நாள்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. முடிவைக் காத்திருந்து வாங்க வேண்டிய த்ரெட்டை ஜாயின் செய்யுங்கள்; மற்றதை டிடாச் அட்ரிபியூட்டோடு உருவாக்குங்கள், அல்லது த்ரெட்டின் முதல் வரியிலேயே அது தன்னை டிடாச் செய்துகொள்ளட்டும். ஒரே த்ரெட்டுக்கு இரண்டையும் செய்யக்கூடாது. இரண்டு முறை ஜாயின் செய்வதும் கூடாது; என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

த்ரெட்ஸ் எண்ணிக்கையே ஏறினால் கதை வேறு. த்ரெட்டுகள் முடியாமல் எங்கோ காத்துக் கிடக்கின்றன. பெரும்பாலும் டைம்-அவுட் இல்லாத சாக்கெட் ரீட், அல்லது கீழே சொல்லும் டெட்லாக். வரும் கோரிக்கைக்கு ஒரு த்ரெட் என்ற அமைப்பையே கைவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் த்ரெட் பூல் (முன்கூட்டியே உருவாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் த்ரெட்டுகள்) வைத்து, வேலைகளை வரிசையில் போடுவதுதான் நிலைத்த தீர்வு.

உண்மையிலேயே அத்தனை த்ரெட் தேவையென்றால் வரம்புகளை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் 'யுலிமிட் -யு'. இது ஒரு புராசஸுக்கு அல்ல, அந்தப் பயனரின் எல்லாப் புராசஸ்களின் த்ரெட்டுகளுக்கும் சேர்த்து. அடுத்து கன்டெய்னர் என்றால் சிகுரூப்பின் (கன்டெய்னரின் வள வரம்புகளை வைக்கும் அமைப்பு) 'பிஐடிஎஸ்.மேக்ஸ்', சிஸ்டம்டி சேவை என்றால் 'டாஸ்க்ஸ்மேக்ஸ்'. பிறகு கர்னலின் 'த்ரெட்ஸ்-மேக்ஸ்'. கடைசியில் 'மேக்ஸ்_மேப்_கவுன்ட்', அதாவது ஒரு புராசஸ் வைத்திருக்கக்கூடிய மெமரி மேப்களின் எண்ணிக்கை: கர்னலின் இயல்பு மதிப்பு 65530, சில டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) கூட்டி வைத்திருக்கின்றன. ஸ்டாக்குக்கு ஒரு மேப், அதன் காவல் பக்கத்துக்கு ஒரு மேப் என்று த்ரெட்டுக்கு இரண்டு போவதால் 32 ஆயிரத்தை ஒட்டி நின்றுவிடும். 32 பிட் கணினியில் இதெல்லாம் வருவதற்கு முன்பே முகவரி தீர்ந்துவிடும்: 3 ஜிபி இடத்தில் 8 எம்பி ஸ்டாக்குகள் 400கூட அடங்காது. அங்கே ஸ்டாக்கைக் குறைப்பதுதான் வழி. 262144 பைட் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் வேறு

இரண்டு த்ரெட், ஒவ்வொன்றும் ஒரு குளோபல் மாறியை 10 லட்சம் முறை ஒன்று கூட்டுகிறது. 20 லட்சம் வர வேண்டும். 13 லட்சமோ 17 லட்சமோ வருகிறது. ஒன்று கூட்டுவது பார்வைக்கு ஒரே வேலை. உள்ளே மெமரியிலிருந்து எடுப்பது, கூட்டுவது, திரும்ப வைப்பது என்று மூன்று. இரண்டு த்ரெட்டும் ஒரே நேரத்தில் 500ஐ எடுத்து, இரண்டும் 501ஐ வைத்தால் ஒரு கூட்டல் தொலைந்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வேகப்படுத்தும் ஆப்ஷனான -ஓ2 போட்டு கம்பைல் செய்தால் கம்பைலர் அந்த லூப்பையே சுருக்கி, ஒரே அடியில் 10 லட்சத்தைக் கூட்டிவிடும். இரண்டு த்ரெட்டும் மோதிக்கொள்ள நேரமே இல்லாததால் ஏறக்குறைய எப்போதும் 20 லட்சம் வரும். பிழை அப்படியே இருக்கிறது. சரியான விடை வந்தது என்பது ரேஸ் (த்ரெட்டுகள் ஒரே மாறியில் இப்படி மோதுவது) இல்லை என்பதற்குச் சான்றே அல்ல.

மாறியை வாலட்டைல் என்று அறிவிப்பது இதற்கு மருந்தல்ல. அது அந்த மூன்று வேலைகளையும் ஒன்றாகக் கட்டாது. மாறியை சி11இன் அட்டாமிக் (இடையில் பிரிக்க முடியாத) வகையாக அறிவியுங்கள், அல்லது ம்யூடெக்ஸால் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் பிடிக்கக்கூடிய பூட்டு) காப்பாற்றுங்கள். இரண்டையும்விட நல்லது, ஒவ்வொரு த்ரெட்டும் தன் லோக்கல் மாறியில் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை பூட்டிப் பொதுத் தொகையில் சேர்ப்பது. 20 லட்சம் முறை பூட்டித் திறக்க வேண்டிய இடத்தில் இரண்டே முறை போதும்.

இதன் உறவு ஒன்று: 'முடிந்தது' என்ற குளோபல் கொடி மாறும்வரை காலி வைல் லூப்பில் சுற்றும் த்ரெட். வேகப்படுத்தாத -ஓ0இல் வேலை செய்யும், -ஓ2இல் முடிவில்லாமல் சுற்றும். இந்த லூப்புக்குள் யாரும் கொடியை மாற்றவில்லை என்று கண்ட கம்பைலர், அதை ஒரே முறை படித்துவிட்டு நிறுத்திவிடுகிறது. அதற்கு அந்த உரிமை உண்டு. இங்கும் அட்டாமிக்தான் விடை.

எந்த மாறி என்றே தெரியாவிட்டால், ரேஸைக் கண்டுபிடிக்கும் கம்பைலர் வசதியான த்ரெட் சானிடைசரிடம் கேளுங்கள். எல்லாக் கோப்புகளையும் '-எஃப்சானிடைஸ்=த்ரெட் -ஜி -ஓ1' கொடுத்து கம்பைல் செய்யுங்கள்; லிங்க் கட்டத்திலும் அதைக் கொடுங்கள். புரோகிராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், மெமரி 5 முதல் 10 மடங்கு தின்னும். அட்ரஸ் சானிடைசரோடு சேர்த்துப் போட முடியாது. அறிக்கையில் மோதிய இரண்டு இடங்களின் வரி எண்ணும் அடுத்தடுத்து இருக்கும். எந்தப் பாதை ஓடியதோ அதைத்தான் அது பார்க்கும் என்பதால் உங்கள் டெஸ்ட் எல்லாக் கிளைகளிலும் போக வேண்டும்.

தொடங்கும்போதே 'அன்எக்ஸ்பெக்டட் மெமரி மேப்பிங்' என்று நின்றுவிட்டால் உங்கள் கோடில் குறையில்லை. புதிய டிஸ்ட்ரோக்களில் முகவரிகளைக் கலைத்துப் போடும் அளவு 32 பிட்டாக இருப்பது, பழைய சானிடைசருக்கு ஒத்துவருவதில்லை. சிஸ்சிடிஎல் கொண்டு 'விஎம்.எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸ்' மதிப்பை 28 ஆக்கினால் ஓடும்.

தேதிகளும் சொற்களும் த்ரெட்டுகளுக்கிடையே கலந்து வந்தால் லோக்கல்டைம், ஸ்டிர்டோக் இரண்டையும் தேடுங்கள். உள்ளே ஒரே பொது இடத்தை வைத்திருக்கும் ஃபங்ஷன்கள் அவை. '_ஆர்' என்று முடியும் வடிவங்களுக்கு மாற்றுங்கள்.

தொங்கிவிட்டது

கோடைத் திறப்பதற்கு முன் 'டாப் -ஹெச் -பி' என்று புராசஸ் எண்ணோடு போட்டு சிபியுவைப் பாருங்கள். ஒரு த்ரெட் 100 சதவீதத்தில் ஓடினால் அது சுற்றுகிறது. மேலே சொன்ன கொடிப் பிழையாக இருக்கலாம். எல்லாம் 0 என்றால் எதற்கோ காத்திருக்கின்றன.

காத்திருந்தால் புராசஸைக் கொல்லாதீர்கள். அத்தனை சாட்சியமும் அதற்குள்தான் இருக்கிறது. டீபகரான ஜிடிபியை 'ஜிடிபி -பி' என்று புராசஸ் எண்ணோடு கொடுத்து அதில் இணையுங்கள். உபுண்டுவில் அனுமதி மறுத்தால் சுடோ சேருங்கள். 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' என்றால் எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) வரும். மேலே 'லாக்_வெயிட்' என்றும் அதன் கீழே ம்யூடெக்ஸ்_லாக் என்றும் நிற்கும் த்ரெட்டுகளே நமக்கு வேண்டியவை. ஒன்றைத் தேர்ந்து, உங்கள் ஃபங்ஷன் இருக்கும் ஃபிரேமுக்கு வந்து, அந்த ம்யூடெக்ஸின் '__டேட்டா.__ஓனர்' உறுப்பைப் பிரிண்ட் செய்யுங்கள். வருவது பூட்டை வைத்திருக்கும் த்ரெட்டின் எண். 'இன்ஃபோ த்ரெட்ஸ்' பட்டியலில் எல்டபிள்யூபி என்று காட்டுவது அதே எண்தான்.

காத்திருக்கும் த்ரெட்டே சொந்தக்காரராகவும் இருந்தால், பூட்டியதையே மறுபடி பூட்டுகிறது. பூட்டை வைத்துக்கொண்டு அழைத்த ஃபங்ஷன் உள்ளே அதே பூட்டைக் கேட்டிருக்கும். ரிகர்சிவ் ம்யூடெக்ஸ் (ஒரே த்ரெட் பலமுறை பூட்டக்கூடியது) போட்டால் உடனே ஓடும், ஆனால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எந்த இடத்தில் தரவு முழுமையாக இருக்கிறது என்பதே பிறகு புரியாமல் போகும். பூட்டும் வெளி ஃபங்ஷன், பூட்டாத உள் ஃபங்ஷன் என்று இரண்டாகப் பிரியுங்கள்.

சொந்தக்காரர் வேறொரு த்ரெட், அது இன்னொரு பூட்டுக்காகக் காத்திருக்கிறது, அந்தப் பூட்டோ முதல் த்ரெட்டிடம் என்றால் வரிசைப் பிழை. எந்தப் பூட்டை முதலில் எடுப்பது என்று புரோகிராம் முழுமைக்கும் ஒரே வரிசை வையுங்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றுவதுபோல இரண்டும் ஒரே வகை என்றால், கணக்கு எண் சிறியது எதுவோ அதை முதலில் பூட்டுங்கள்.

அந்த எண்ணுடைய த்ரெட் பட்டியலிலேயே இல்லையா? பூட்டோடு செத்துப்போயிருக்கிறது. அந்த ஃபங்ஷனில் உள்ள எல்லா ரிட்டர்னையும் எண்ணுங்கள். பிழைப் பாதையில் ஒன்று திறக்காமல் வெளியேறியிருக்கும். எல்லாப் பாதையும் ஒரே லேபிளுக்கு கோட்டூவில் வந்து, அங்கே ஒரு முறை திறந்துவிட்டுப் போவது சி மொழியில் நல்ல பழக்கம். த்ரெட்டை நடுவே நிறுத்தும் கேன்சல் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நிற்கும்போது செய்ய வேண்டியதைப் பதிவு செய்யும் க்ளீனப்_புஷ் இல்லாமல் இதைத் தவிர்க்க முடியாது.

இந்தத் தேடல் அடிக்கடி தேவைப்பட்டால் டெவலப்மென்ட் பில்டில் எல்லா ம்யூடெக்ஸையும் எரர்செக் வகையாக்குங்கள். தன் பூட்டையே மறுபடி கேட்டால் தொங்காமல் 35 தரும். த்ரெட்டுகளுக்குப் பெயர் வைப்பதும் உதவும். செட்நேம்_என்பி ஃபங்ஷனுக்கு ஹெடர்களுக்கு முன் _குனு_சோர்ஸ் டிஃபைன் வேண்டும். இல்லாவிட்டால் ஜிசிசி 14 முதல் கம்பைலே ஆகாது. பெயருக்கு 15 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் ஆவதால், தமிழில் பெயர் வைத்தால் 'எழுதி' சரியாக அடங்கும். 'வாசகன்' 18 பைட், 34 என்ற பிழையோடு திரும்பும்.

சிக்னல் அனுப்பியும் எழவில்லை. எழுந்தால் வரிசை காலி

வெயிட்டில் காத்திருக்கும் த்ரெட்டை இன்னொரு த்ரெட் சிக்னல் அனுப்பி எழுப்ப உதவுவது கண்டிஷன் வேரியபிள். அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. யாரும் காத்திருக்காத நேரத்தில் அனுப்பிய சிக்னல் காற்றோடு போகும். ஆகவே 'வேலை இருக்கிறது' என்பதைச் சொல்ல ஒரு சாதாரண மாறி வேண்டும். அதை ம்யூடெக்ஸைப் பூட்டிக்கொண்டுதான் மாற்ற வேண்டும், பூட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். வெயிட் எப்போதும் வைல் லூப்புக்குள் இருக்கட்டும். இஃப் போட்டால், காரணமில்லாமல் எழும்போதும், எழுவதற்குள் வேறு த்ரெட் வேலையை எடுத்துக்கொண்டபோதும் காலி வரிசையில் கை வைப்பீர்கள்.

நேர வரம்போடு காத்திருக்கும் டைம்ட்வெயிட் உடனே 110 தந்தால், '5 விநாடி' என்று கால அளவைக் கொடுத்திருப்பீர்கள். அது கேட்பது எந்த நேரம்வரை என்பதை. இப்போதைய நேரத்தை எடுத்து 5 கூட்டிக் கொடுங்கள். 22 வந்தால் நானோ விநாடிப் பகுதி 100 கோடியைத் தொட்டிருக்கும். கழித்துவிட்டு விநாடியில் ஒன்று கூட்டுங்கள்.

த்ரெட்டுக்குள் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட்

செக்மென்டேஷன் ஃபால்ட் என்பது தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் விழுவது. ஃபங்ஷனுக்குள் நுழைந்த உடனேயே விழுந்தால் ஸ்டாக் போதவில்லை. லினக்ஸில் ஜிலிப்சி வழக்கமாக 8 எம்பி தரும். 1024க்கு 1024 டபுள் அரே ஒன்றே அதைத் தின்றுவிடும். மேக்கில் மெயின் அல்லாத த்ரெட்டுக்கு 512 கேபி, ஆல்பைனின் மசல் லைப்ரரியில் 128 கேபி மட்டுமே. உபுண்டுவில் நன்றாக ஓடிய 200 கேபி லோக்கல் பஃபர் ஆல்பைன் கன்டெய்னரில் விழுவது இதனால்தான். பெரிய அரேயை மேலாக்குக்கு மாற்றுங்கள், அல்லது அட்டர்_செட்ஸ்டாக்சைஸ் கொண்டு கூட்டுங்கள். அந்த அட்ரிபியூட்டை கிரியேட்டின் இரண்டாவது ஆர்கியுமென்டாகக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். எல்லாம் செட் செய்துவிட்டு அங்கே நல் (வெற்று பாயிண்டர்) கொடுத்திருப்பது அடிக்கடி காணும் பிழை.

த்ரெட் கூடக் கூட மெதுவாகிறது

முதலில் அளவுகோலைச் சோதியுங்கள். கிளாக் ஃபங்ஷன் எல்லா த்ரெட்டின் சிபியு நேரத்தையும் கூட்டித் தரும். நான்கு த்ரெட் உண்மையில் நான்கு மடங்கு வேகமாக ஓடினாலும் அது பழைய எண்ணையே காட்டும். கிளாக்_கெட்டைம் எடுத்து மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தில் அளவிடுங்கள்.

அதன் பிறகும் மெதுவென்றால் கிரியேட் செய்யும் லூப்புக்குள்ளேயே ஜாயின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்று முடிந்து ஒன்று ஓடுகிறது. தற்செயல் எண் தரும் ராண்ட் ஃபங்ஷனை அழைக்கிறீர்களா? ஜிலிப்சியில் அதற்குள் ஒரு பூட்டு இருக்கிறது. த்ரெட்டுக்கு ஒரு சீட் வைத்து ராண்ட்_ஆர் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் தனித்தனி உறுப்பில்தான் எழுதுகிறது, இருந்தும் மெது என்றால் காரணம் கேஷ் வரி (சிபியு தன் அதிவேக மெமரிக்கு ஒரே அடியில் எடுக்கும் துண்டு): 8 லாங் உறுப்புகள் சரியாக 64 பைட், பெரும்பாலான எக்ஸ்86 சிபியுவில் ஒரே வரிக்குள் அடங்கும். ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்ற கோர்களிடம் உள்ள பிரதி செல்லாததாகிறது. உறுப்புகளை அலைன்ஆஸ் 64 கொண்டு தள்ளி வையுங்கள்.

ஃபோர்க் செய்த பிறகு குழந்தைப் புராசஸ் தொங்குகிறது

ஃபோர்க் புராசஸை நகலெடுத்துக் குழந்தைப் புராசஸை உருவாக்கும். அதை அழைத்த த்ரெட் மட்டுமே குழந்தைப் புராசஸில் உயிரோடு இருக்கும். மற்ற த்ரெட்டுகள் அந்தக் கணத்தில் பிடித்திருந்த பூட்டுகள் பூட்டியபடியே நகலாகும், திறக்க ஆளில்லை. ஜிலிப்சி தன் மேலாக் பூட்டுகளைச் சரிசெய்துவிடும், உங்கள் பூட்டுகளையும் மற்ற லைப்ரரிகளின் பூட்டுகளையும் சரிசெய்யாது. குழந்தையில் எக்செக் (வேறு புரோகிராமை ஓட்டுவது), _எக்சிட் (உடனே முடிப்பது) தவிர வேறெதையும் செய்யாதீர்கள். குழந்தைப் புராசஸ்கள் நீண்ட நேரம் ஓட வேண்டுமென்றால் முதல் த்ரெட்டை உருவாக்கும் முன்பே ஃபோர்க் செய்து முடித்துவிடுங்கள்.